நூற்றுப் பதினெட்டுப் பொன்னாடைகள்

இந்த நாட்டின் தேர்தல் முறையைச் சீர்திருத்த எனக்கு மொத்தம் பதினொரு நாள் கிடைத்தது. அதில் ஒன்பது நாளைப் பொன்னாடை எண்ணுவதில் செலவழித்தேன். மீதி இரண்டு நாளில் என் வேலையும் அப்பாவின் மானமும் போகப் பார்த்தன. நாடு அப்படியேதான் இருக்கிறது.

அப்போது நான் மாநகராட்சி அலுவலகம் ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. அலுவலகத்தில் பாதிப் பேர் தேர்தல் டியூட்டியிலிருந்து தப்பிக்க இல்லாத முதுகுவலிக்கு சர்டிஃபிகேட் தேடி அலைந்தார்கள். நான் மட்டும் "எனக்கு ஆர்டர் வந்துவிட்டதா?" என்று தினமும் விசாரித்தேன். (ஹெட் கிளார்க் "காய்ச்சலா?" என்று கேட்டார்.)

தேர்தல் செலவு என்றால் எனக்கு அப்படி ஒரு ஆர்வம். இவ்வளவு பணத்தை யார் கொடுக்கிறார்கள்? வாங்கியவர் ஜெயித்த பிறகு கொடுத்தவருக்கு என்ன செய்து கொடுக்கிறார்? இதையெல்லாம் யாராவது உட்கார்ந்து பார்க்கிறார்களா? தாராவியில் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் என்றாலே என் சொற்பொழிவு நேரம்தான்.

"வேட்பாளர் இவ்வளவுதான் செலவு பண்ணலாம்னு வரம்பு இருக்குப்பா. ஆனா கட்சிக்கு வரம்பே கிடையாது. அதை முதல்ல மாத்தணும்."

அப்பா கவனமாகக் கேட்பார். "அப்பம் கட்சி வேற, வேட்பாளர் வேறயாம்மா?"

"சட்டப்படி வேற."

"மேடையில ஒண்ணாத்தானம்மா உக்காந்திருக்காவ?"

அம்மா நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் நாட்டைத் திருத்துனது போதும், ரசம் ஆறுது" என்பாள்.

அப்பா, பை தைக்கும் பட்டறை ஒன்றில் கட்டிங் மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கமிருந்து இருபது வயதில் வந்தவர். பட்டறை நேரம் போக, சங்கத்து ஆண்டு விழா, கோயில் கொடை, சடங்கு வீடு எதுவானாலும் முதல் ஆளாக நிற்பார். அவர் இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு மைக்செட்டுகூட அலறாது.

அதனால்தான் எனக்குப் பயம். டியூட்டி ஆர்டரோடு ஒரு படிவமும் வந்திருந்தது. என் நெருங்கிய உறவினர் யாரும் எந்த வேட்பாளருக்காகவும் வேலை செய்யவில்லை, இது பொய்யென்றால் சஸ்பெண்ட் செய்யலாம் என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். நீட்டி முழக்கிப் போட்டேன். வீட்டுக்கு வந்து, படிவத்தைக் காட்டி அப்பாவிடம் சத்தியம் வாங்கினேன்.

"தேர்தல் முடியுத வரைக்கும் ஒரு கட்சிக்காரன் பக்கமும் தலைவச்சுப் படுக்க மாட்டேன், போதுமா?" என்றார். "உனக்கு என்ன வேலைம்மா குடுத்திருக்காவ?"

"அது ரகசியம்ப்பா" என்றேன். (யாரும் ரகசியமாக வைக்கச் சொல்லவில்லை. சொல்லிப் பார்க்க நன்றாக இருந்தது.)

மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பு அறைதான் எங்கள் ரகசிய இடம். பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையை இடிக்கும். வேட்பாளர்களின் கூட்டங்களை ஒரு குழு வீடியோ எடுத்துக்கொண்டு வரும். நாங்கள் அதைப் பார்த்து, கண்ணில் படுவதையெல்லாம் பட்டியல் போட வேண்டும். நாற்காலி எத்தனை, மாலை எத்தனை, டீ எத்தனை. ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்று ஒரு ரேட் லிஸ்ட் உண்டு. உறை போட்ட நாற்காலிக்கு ஒரு விலை, உறை போடாததற்கு ஒரு விலை! முதல் நாள் அந்த லிஸ்ட்டை நான் கதைப்புத்தகம் போல இரண்டு முறை படித்தேன். வேட்பாளர் கொடுக்கும் கணக்கை எங்கள் பட்டியலோடு வைத்து ஒத்துப் பார்ப்பார்கள். ஏமாற்ற முடியாதாம்.

குழுவின் தலைவர் பாட்டீல் சார். தமிழ்க் கூட்டங்களைப் பார்க்க ஆள் இல்லை என்று அவர்தான் என்னைக் கேட்டு வாங்கியிருந்தார். என்னிடம் வந்த முதல் வீடியோ, தாராவியில் தமிழ் மக்கள் ஒரு வேட்பாளருக்கு நடத்திய வரவேற்புக் கூட்டம். மூன்று மணி நேரம். அதில் வேட்பாளர் பேசியது பத்து நிமிடம். பாக்கி நேரம் முழுக்க அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

நம் கூட்டங்கள் தெரியும்தானே. சங்கத் தலைவர், செயலாளர், முன்னாள் செயலாளர், முன்னாள் செயலாளரின் மைத்துனர் என்று வரிசையாக வந்து போர்த்தி, ஃபோட்டோவுக்குப் பல்லைக் காட்டிவிட்டு இறங்குவார்கள். நான் இரண்டு தடவை எண்ணினேன். ஒரு தடவை நூற்றுப் பதினேழு, ஒரு தடவை நூற்றுப் பத்தொன்பது. இரண்டுக்கும் நடுவில் எடுத்துக்கொண்டேன்.

பாட்டீல் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இந்தியில் கேட்டார். "மும்பை வெயிலில் ஒரு மனிதருக்கு நூற்றுப் பதினெட்டு ஷாலா?"

"எங்கள் பண்பாடு சார்" என்றேன், பண்பாட்டை நானே கண்டுபிடித்த தோரணையில்.

மூன்றாம் நாள் வேட்பாளரின் ஏஜென்ட் வந்தார். அவரும் தாராவித் தமிழர்தான். பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மேடம், மொத்தமே நாலு ஷால்தான் வாங்குனோம். பில்லு இருக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் என் கண்ணால் எண்ணியதை இவர் நாலு என்கிறாரே! அவர் முகத்தில் கரி பூசியே தீருவது என்று வீடியோவை மறுபடி போட்டேன். ஒவ்வொரு பொன்னாடையாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

ஐந்தாவதில் ஓரத்தில் ஒரு ஊதா நூல் பிரிந்து தொங்கியது. ஒன்பதாவதிலும் ஒரு ஊதா நூல். பதின்மூன்றாவதில் மறுபடி அதே நூல். சில காட்சிகளில் அது தாம்புக்கயிறு கனத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ஒரே பொன்னாடைதான் சுற்றிச் சுற்றி வருகிறது! ஆனால் எப்படி? போர்த்துவது தெரிகிறது. கழற்றுவது தெரியவே இல்லை.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. ஆறு நாள் அந்த நூலின் பின்னாலேயே போனேன். மற்ற வீடியோக்களைப் பக்கத்துப் பெஞ்சில் தள்ளிவிட்டேன். கடைசியில் பிடித்தேன். வேட்பாளரின் உயரமான நாற்காலிக்குப் பின்னால் யாரோ குனிந்திருக்கிறார்கள். ஃபோட்டோ வெளிச்சம் அடித்து எல்லோரும் கண்சிமிட்டும் அந்த நொடியில் பத்து விரல்கள் மட்டும் மேலே வருகின்றன. பொன்னாடை பின்பக்கமாக வழுக்கிப் போகிறது. நாலாக மடிந்து, அடுத்த ஆளின் கையில் புதுசாக இருக்கிறது. முகம் ஓர் இடத்தில்கூடத் தெரியவில்லை. என்ன வேகம், என்ன நேர்த்தி! அந்த மனிதரை நேரில் பார்க்காமல் என் ஜென்மம் கடைத்தேறாது என்று தோன்றிவிட்டது.

"சார், பொன்னாடையை எடுத்த ஆளை விசாரணைக்கு வரவழைக்க வேண்டும்" என்று பாட்டீல் சாரிடம் நானே எழுதிக் கொடுத்தேன். நானே!

விசாரணைக்கு முந்தின நாள் வீட்டில் அப்பா வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா போறீங்க?"

"நாளைக்கு ஒரு சின்ன சோலி. உனக்கு?"

"எனக்கும் நாளைக்கு முக்கியமான வேலை."

அதற்கு மேல் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அவ்வளவு அமைதியை அம்மா பார்த்ததே இல்லை. இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஏதோ என்று சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் செலவுப் பார்வையாளர் வந்து உட்கார்ந்தார். வேட்பாளர்களின் செலவைக் கண்காணிக்க தேர்தல் கமிஷன் அனுப்பிய வெளிமாநிலத்து அதிகாரி, சிரிப்பு என்பதைக் கேள்விப்பட்டே இராத முகம். நான் சினிமா நடிகரைப் பார்க்கக் காத்திருப்பவள் மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏஜென்ட் உள்ளே வந்தார். அவர் பின்னால், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் அப்பா.

நான் கையெழுத்துப் போட்ட படிவம் கண் முன்னால் வந்தது. வேலை போச்சு. அப்பாவும் படிவத்தை அறிந்தவர்தானே. சட்டென்று பார்வையைச் சுவரிலிருந்த எண்சுவடிக்கு மாற்றிக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம் மேடம்" என்றார். என்னைப் பார்த்து. இருபத்தைந்து வருடமாக "ஏட்டி" என்று கூப்பிட்டவர்.

நானும் "உட்காருங்க" என்றேன்.

பார்வையாளர் செய்து காட்டச் சொன்னார். தன் தோளில் மட்டும் போடக் கூடாது, ஒரு கட்சிக்காரர் கொண்டுவந்த பொன்னாடையைத் தான் ஏற்கக் கூடாது என்றார். அதனால் பாட்டீல் சாரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அப்பா பின்னால் போய்க் குனிந்தார். முன்னால் போர்த்த ஓர் ஆள் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் போர்த்தினேன். பாட்டீல் சார் கும்பிட்டு முடிப்பதற்குள் பொன்னாடை என் கையில் மறுபடி இருந்தது. மறுபடி போர்த்தினேன். மறுபடி கையில். ஒரே பொன்னாடையால் பாட்டீல் சாருக்குப் பதினொரு தடவை மரியாதை செய்தோம். பார்வையாளர் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். அவர் முகத்திலும் என் ஆர்வம் தொற்றிக்கொண்டது தெரிந்தது. "ஒன்ஸ் மோர்" என்றார்!

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பொன்னாடையை மடித்துக் கொடுக்கும்போதுதான் புத்தி பேதலித்தது. வீட்டில் போர்வையை மடிப்பது போல நான் இரண்டு முனையைப் பிடித்தேன், அப்பா இரண்டு முனையைப் பிடித்தார். உதறினோம், நெருங்கி வந்து முனையோடு முனை சேர்த்தோம், விலகினோம். அவர் ஒரு முனையைத் தவறவிட்டார்.

"அப்பா, அந்த முனை" என்றேன்.

அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

அப்பா கைகூப்பினார். "சாப், இஸ்கா கோயி கல்தி நஹி" என்று, இவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று, தன் தாராவி இந்தியில் ஆரம்பித்தார். தாணேயில் ரிசப்ஷன் என்று என்னிடம் பொய் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போனதையும், நான் சத்தியம் வாங்கியதையும், நான் பார்க்கும் வேலை அவருக்குத் தெரியாததையும் வேர்க்க விறுவிறுக்கச் சொன்னார். "கட்சிக்காகப் போகவில்லை, பொன்னாடைக்காகத்தான் போனேன்" என்றார். அவர் யாரிடமும் கைகூப்பி நான் பார்த்ததில்லை. என் அவசரப் புத்தியால் அதைப் பார்க்க நேர்ந்ததே என்று அழுகை முட்டியது.

பார்வையாளர் என்னைக் கேட்டார். "ஒன்பது நாள் இந்த வீடியோவைப் பார்த்திருக்கிறீர்கள். சொந்த அப்பாவின் விரல்கள் அடையாளம் தெரியவில்லையா?"

"நான் பொன்னாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் சார்" என்றேன்.

அன்றோடு என்னைக் குழுவிலிருந்து விடுவித்தார். ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு ஒரு மெமோ. பட்டியலில் 118 அடிக்கப்பட்டு 4 ஆனது. திருத்திய பட்டியலில் நான் கடைசிக் கையெழுத்தைப் போட்டேன். ஏஜென்ட், மை காய்வதற்குள் நகலை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்பினார்.

நானும் அப்பாவும் கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன் வரை நடந்தோம். அங்கே அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"ஏட்டி, நாலு ஷாலுக்கு இம்புட்டு விசாரணை வச்சாவளே. அந்தப் பெரிய டிவிக்கு எம்புட்டு போட்டிய?"

"எந்த டிவி?"

அப்பா நின்றுவிட்டார். "மேடைக்குப் பின்னால ரெண்டு மாடி உசரத்துக்கு நின்னுச்சே, அவர் மூஞ்சியப் பெருசாக் காட்டிக்கிட்டு. அதுல என் தலை தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான நான் குனிஞ்சே நின்னேன். ரெண்டு லாரியில வந்துச்சும்மா. கரண்டுக்குத் தனி வண்டி."

ஊதா நூல் தாம்புக்கயிறு கனத்துக்குத் தெரிந்ததே, அது அந்தத் திரையில்தான் தெரிந்தது. ஒன்பது நாள் அந்தத் திரையைத்தான் பார்த்திருக்கிறேன். அதை எழுதவில்லை.

திரும்பி ஓடினேன். பாட்டீல் சார் பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தார். "சார், டிவி!" என்றேன். "எந்த டிவி?" என்றார் அவரும். வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். சுவர் மாதிரி நின்றது. தலையில் கை வைத்துக்கொண்டார். மேலே ஒரு குறிப்பு எழுதுவதாகச் சொன்னார். ஆனால் என்னிடமிருந்து எதையும் வாங்க முடியாது, நான் இப்போது குழுவில் இல்லை, சாட்சியின் மகள் வேறு என்றார். நான் மெமோவுக்குக் கொடுத்த விளக்கத்தில் எழுதினேன். மூன்று பக்கம். முதல் பத்தியில் மன்னிப்பு, பாக்கி முழுவதும் டிவி, லாரி, ஜெனரேட்டர். எச்சரிக்கையோடு என்னை விட்டுவிட்டார்கள். டிவியைக் கணக்கில் சேர்த்தார்களா என்று மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டில் 'எந்த டிவி' என்பது பழமொழியாக நிலைத்துவிட்டது. குழம்பில் உப்பு கம்மி என்று நான் சொன்னால், "தட்டுல சோறு வைக்கலன்னு தெரியல, உப்பு கம்மியாம். எந்த டிவி!" என்பாள் அம்மா. கல்யாணமான மூன்றாம் நாளே என் கணவரும் கற்றுக்கொண்டுவிட்டார். தாணே நாத்தனார்வரைக்கும் போய்விட்டது.

எனக்கு ஆர்வம் மட்டும் குறையவில்லை. தேர்தல் செலவுக்குப் புது விதி வரப்போகிறது, இன்னின்னதற்கு ரசீது காட்ட வேண்டும் என்று பேப்பரில் வந்தால் இன்றும் சத்தமாக வாசிக்கிறேன். அப்பா முன்னைப் போலவே ஒரு வரி விடாமல் கேட்கிறார். முடித்ததும் மெதுவாகக் கேட்பார்.

"எல்லாம் சரிதாம்மா. டிவியப் பத்தி ஏதாவது போட்டிருக்கானா, பாரு."

நான் மறுபடி முதல் வரியிலிருந்து பார்க்கிறேன்.