மகாராணி கழுத்தில் கயிறு இல்லை

காலை ஆறு மணிக்கே கயிற்றுச்சாமியின் வாசலில் நூறு பேர் நின்றார்கள். ஆளுக்கு ஓர் ஆடு, ஆட்டுக்கு ஒரு வயிற்று உப்புசம். சாமி கண்ணை மூடுவார், ஏதோ முணுமுணுப்பார், ஆட்டின் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு கட்டுவார். மூன்று நாளைக்குக் காய்ந்த புல்லும் தண்ணீரும்தான், வேறு எதையாவது காட்டினால் கயிற்றுக்குக் கோபம் வந்துவிடும் என்பார். மூன்றாம் நாள் ஆடு எழுந்து துள்ளும். ஆகா, கயிற்றின் மகிமையே மகிமை! பத்து நாளில் அதே ஆடு மறுபடியும் சுருண்டு படுக்கும். கயிற்றின் வேகம் தணிந்துவிட்டதாம். புதுக் கயிறு, புதுக் காணிக்கை. ஒருவருக்காவது சந்தேகம் வந்ததா என்று கேட்காதீர்கள். சந்தேகப்பட வந்தவர்களா அவர்கள்? கும்பிட வந்தவர்கள்.

தெருக்கோடியில் தையல் கடை வைத்திருந்தவளுக்கு மட்டும் வந்தது. ஏனென்றால் அந்த மந்திரக் கயிறு அவள் கடையில் விற்ற பாவாடை நாடா. சாமியின் மைத்துனர்தான் மாதாமாதம் வந்து உருண்டை உருண்டையாக வாங்கிப் போவார்.

அவளிடமும் ஓர் ஆடு இருந்தது. பெயர் மகாராணி. கணவன் போன பிறகு அந்த வீட்டில் அவளோடு மல்லுக்கட்ட மிஞ்சிய ஒரே உயிர் அதுதான். அதற்கு முன் வளர்த்த குட்டி, பச்சை பாரித்த உருளைக்கிழங்குத் தோலைத் தின்று அவள் மடியிலேயே செத்தது. கால்நடை மருத்துவர் அன்று சொன்னதை அவள் மறக்கவில்லை. பச்சை உருளை, அதன் முளை, தக்காளிச் செடியின் தண்டு, பட்டர் ஃப்ரூட் என்கிற வெண்ணெய்ப்பழத்தின் தோலும் இலையும், இவற்றை மகாராணியின் கண்ணிலேயே காட்டமாட்டாள். புல்தான் சாப்பாடு. அதற்கு மேல் வாழைப்பழத் தோலோ, கேரட்டோ, பூசணியோ, தர்பூசணி ஓடோ ஒரு கைப்பிடி. இதைத் தெருவுக்கும் சொல்லிப் பார்த்தாள். பழச்சாறுக் கடைக்காரர், ஆடு கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று சிரித்துவிட்டு, அன்றைய கழிவையெல்லாம் தெருத் தொட்டியில் கொட்டினார். வீட்டுச் சமையல் கழிவும் விழுவது அதில்தான். தெரு ஆடுகள் அத்தனையும் மேய்வது அந்தத் தொட்டியில்தான்.

கயிறே கட்டாத மகாராணி மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்தது. இது சாமியின் கண்ணை உறுத்தியது. ஒருநாள் கூட்டத்தின் நடுவே கண்ணை உருட்டினார். மற்ற ஆடுகளின் உயிரை உறிஞ்சித்தான் அந்த ஆடு கொழுக்கிறதாம், வெள்ளிக்கிழமைக்குள் அதைத் தம்மிடம் ஒப்படைக்காவிட்டால் தெருவில் ஓர் ஆடும் தப்பாதாம். அவ்வளவுதான். நேற்றுவரை சட்டைக்கு அளவு கொடுத்தவர்கள் திரண்டு வந்து, ஆட்டைத் தருகிறாயா, நாங்களே அவிழ்த்துக்கொண்டு போகவா என்றார்கள். அவளுக்கு அன்று ஒரு தையலும் நேராக விழவில்லை.

வெள்ளிக்கிழமை அவளே போனாள். ஒரு கையில் மகாராணியின் பிடிகயிறு, இன்னொரு கையில் மூடிய கூடை. சாமியின் பக்கத்தில் அவருடைய சொந்தக் கிடா நின்றது. கழுத்தில் ஏழு கயிறு.

"ஆட்டைக் கொடுத்துடுறேன் சாமி. ஒரே ஒரு சந்தேகம். ஒத்தைக் கயிறே இத்தனை ஆட்டைக் காப்பாத்துதே, ஏழு கயிறு கட்டின உங்க கிடாவுக்கு எதைத் தின்னாலும் ஒண்ணும் ஆகாதில்ல?"

"எமனே வந்தாலும் கிட்ட நெருங்க முடியாது" என்றார் சாமி, கூட்டத்துக்கும் கேட்கும்படி.

அவள் கூடையைக் கிடாவின் முன்னால் கவிழ்த்தாள். பச்சை உருளை, முளை, தக்காளித் தண்டு, வெண்ணெய்ப்பழத் தோல். எல்லாம் தெருத் தொட்டியில் அள்ளியது. கிடா ஆசையாகக் கழுத்தை நீட்டியது. அது வாயை வைத்துவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கே பக்கென்றது. அதற்குள் சாமி ஆசனத்திலிருந்து பாய்ந்து கிடாவின் கொம்பைப் பிடித்தார்.

"பிடிங்கடா! பச்சை உருளைக்கிழங்குடா அது, தின்னா செத்துப்போயிடும்!"

பழச்சாறுக் கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "எங்க ஆடுங்க தினம் அதைத்தானே சாமி தின்னுது? தெரிஞ்சேவா கயிறு கட்டினீங்க?"

ஏழு கயிற்றின் வேகமும் நேற்றே தணிந்துவிட்டதாகச் சாமி ஏதோ உளறினார். கேட்கத்தான் ஆள் இல்லை. சாயங்காலம் சாமி வீட்டில் பூட்டு தொங்கியது. மகாராணி தன் இடத்தில் நின்று கேரட் மென்றுகொண்டிருந்தது.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் காலை தையல் கடை வாசலில் கூட்டம். பழச்சாறுக் கடைக்காரர் குழைந்தார். "தப்பா நினைக்காதேம்மா. அவரு திருட்டுச் சாமி, போயிட்டாரு. உன் கையாலே ஆளுக்கொரு கயிறு கட்டிவிட்டா..."

அவள் பல்லால் நூலைக் கடித்துத் துப்பினாள்.

"குணப்படுத்தினது அந்த மூணு நாள் புல்லு அண்ணே, கயிறு இல்ல. தொட்டியில என்ன கொட்டுறோம்னு முதல்ல பாருங்க. ஆட்டுக்கு அஞ்சறிவு, எவன் வந்து கட்டினாலும் கழுத்தைக் காட்டும். ஆறறிவு வெச்சிருக்கிற நீங்க ஏன் நீட்டினீங்க?"