ஆட்சிக்குத் தக்க மீசை

"நிறுத்து, நிறுத்து!" என்று தஹ்சின் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

முடிதிருத்தும் இல்யாஸ் கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். மூலையிலிருந்த ரேடியோ அப்போதுதான் ஒரு குண்டைப் போட்டிருந்தது. உழைப்பாளர் கட்சி ஆட்சி அமைக்கப்போகிறது என்று காலையில் சொன்ன அதே குரல், தலைநகர் அங்காராவில் பேச்சுவார்த்தை இழுபறியில் இருப்பதாக இப்போது சொன்னது.

"இழுபறின்னா இழுத்துட்டுப் போகட்டும். அதுக்கு நான் ஏன் கையைத் தூக்கிட்டு நிக்கணும்? உக்காருங்க சார், மிச்சத்தையும் வெட்டிடறேன்" என்றார் இல்யாஸ்.

"வேணாம். வெட்டினதைத் திரும்ப ஒட்டிடு."

"இது கத்தரிக்கோல் சார். தையல் மெஷின் இல்ல."

தஹ்சின் கண்ணாடியைப் பார்த்தார். இடது பக்கம் மீசை மோவாய் வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. வலது பக்கம் தொங்கல் போய், உதட்டை மூடிக்கொண்டு அடர்த்தியாக நின்றது. அதாவது, இடது பக்கம் வலதுசாரி, வலது பக்கம் இடதுசாரி.

எங்கள் ஊரில் ஒருவரை எந்தக் கட்சி என்று வாய்விட்டுக் கேட்பது மரியாதையில்லை. மூக்குக்குக் கீழே பார்த்தால் போதும். இரண்டு பக்கமும் தொங்கினால் தேசியக் கட்சி. உதட்டை மூடினால் உழைப்பாளர் கட்சி. உதடு தெரிகிற மாதிரி ஒட்ட வெட்டின பாதாம் மீசை என்றால் மத நெறி பேசும் மார்க்கக் கட்சி. ஒன்றுமே இல்லையென்றால் அவர் எந்தக் கட்சியையும் நம்பாதவர், அல்லது ராணுவத்தை மட்டும் நம்புகிறவர்.

தஹ்சினுக்கு இதில் எந்தக் கொள்கையும் கிடையாது. தானியக் கொள்முதல் ஆபீசில் உதவி மேலாளர். மேலாளருக்கு எந்த மீசையோ இவருக்கும் அந்த மீசை. போன வாரம் தேசியக் கட்சி ஆட்சி கவிழ்ந்தது. தொங்கு மீசை மேலாளரை மூட்டை முடிச்சோடு கிழக்கு எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை புது மேலாளர் வருகிறார். புது மேலாளர் வந்தால் முதலில் டீ குடிப்பார், அடுத்து தனக்கு ஆகாத கட்சிக்காரர்களைப் பனிமலைக்கு அந்தப் பக்கம் மாற்றுவார். வழக்கமாக நடப்பது இதுதான்.

"இப்படிப் பக்கத்துக்கு ஒரு கட்சியா வெளியே போக முடியாது சார். எந்தப் பக்கம் சொல்லுங்க" என்றார் இல்யாஸ்.

"வெட்டு. வேற வழி?"

வீட்டில் பெஹிஜே குளிர் காயும் இரும்பு அடுப்புக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தாள். கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓஹோ. உழைப்பாளர் கட்சியா வருது?"

"வரும்போல இருக்கு."

"யாரு வேணா வரட்டும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இந்த அடுப்பை இன்னொரு தடவை நான் கழட்ட மாட்டேன். போன ஊர்ல குழாய் உடைஞ்சுது. அதுக்கு முந்தின ஊர்ல கதவு போச்சு. இங்கதான் ஒழுங்கா புகை மேல போகுது. மாற்றல்னு ஒரு வார்த்தை வந்துச்சு, அடுப்பையும் தூக்கிட்டு நேரா புர்ஸாவுல எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க மீசையைக் கட்டிக்கிட்டுப் பனியில குளிர் காயுங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன ஊரில் குளிர்காலம் முழுக்க அழுதவள், இந்த ஊரில்தான் பக்கத்து வீட்டுப் பெண்களோடு சேர்ந்து ஊறுகாய் போட்டுச் சிரிக்கக் கற்றிருந்தாள். அவள் இல்லாத வீட்டை தஹ்சினால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அவருக்குக் கொள்கை என்று ஒன்று இருந்தால், அது அந்த அடுப்புதான்.

மறுநாள் சனிக்கிழமை. பழக்கதோஷத்தில் சதுக்கத்தில் இருக்கும் தேசியக் கட்சிக் காப்பிக்கடைக்குள் நுழைந்தார். முதலாளி அவருடைய மூக்குக்குக் கீழே பார்த்தார். பக்கத்து மேசைக்கு டீ ஊற்றிக்கொண்டே, "டீ தீர்ந்துபோச்சு" என்றார்.

எதிர்க் காப்பிக்கடையில் அமர்க்களமான வரவேற்பு.

"வாங்க தோழர்! ஒருவழியா கண்ணு திறந்துச்சா? நம்ம பசங்களுக்கு நாலு வார்த்தை பேசுங்க" என்று ஒரு பள்ளி ஆசிரியர் அவரை நாற்காலிமேல் ஏற்றிவிட்டார்.

தஹ்சினுக்குத் தெரிந்தது கோதுமை ஒன்றுதான். "தோழர்களே, கோதுமையில ஈரம் ஏறக்கூடாது. ஈரம் ஏறினா மூட்டைக்குள்ளயே சூடாகும். சூடானா ஒருநாள் கிடங்கே பத்திக்கும்" என்றார்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. "என்னமா மறைச்சுச் சொல்றாரு பாரு!" என்று ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெருமையோடு வீடு திரும்பியவரை மதில்மேல் எட்டிப் பார்த்து நிறுத்தினான் துர்முஷ். ஆபீசில் டீ கொடுப்பவன், பக்கத்து வீட்டுக்காரன், ஊர்ச் செய்தி எல்லாம் அவனைத் தாண்டித்தான் போகும்.

"சார், கேட்டீங்களா? உழைப்பாளர் கட்சியும் மார்க்கக் கட்சியும் கை கோத்துட்டாங்க."

"அதெப்படிடா? ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்க மாட்டாங்களே!"

"நாற்காலின்னு வந்தா எல்லாரும் முழிப்பாங்க சார். விவசாய இலாகா மார்க்கக் கட்சிக்காம். நம்ம ஆபீஸ் அவங்க கையில. புது மேனேஜர் சுத்தமான பாதாம் மீசையாத்தான் இருப்பாரு."

தஹ்சின் சட்டையைக்கூட மாற்றாமல் இல்யாஸ் கடைக்கு ஓடினார்.

"மறுபடியுமா?" என்றார் இல்யாஸ்.

"பாதாம்."

"சார், நேத்து வெட்டின முடி இன்னும் கூட்டக்கூட இல்ல."

"பேசாம வெட்டு."

பாதாம் மீசையோடு கையில் ஒரு புது ஜெபமாலையும் வாங்கிக்கொண்டார். அன்று மாலைத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் முன்வரிசையில் போய் நின்றார். பாங்கு சொல்லும் முதியவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மிகவும் அன்பாக, "யாராவது தவறிட்டாங்களா, தம்பி?" என்று கேட்டார்.

வெளியே வந்தபோது பள்ளி ஆசிரியர் எதிரே வந்தார். தஹ்சினின் உதட்டைப் பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"கிடங்கு பத்திக்கும்னு சொன்னீங்களே, அது எங்க கிடங்குதானா?" என்று கேட்டுவிட்டு விருட்டென்று போனார்.

அன்றைக்கே மார்க்கக் கட்சிக் காப்பிக்கடையிலும் இடம் கிடைக்கவில்லை. பாதாம் மீசை புதிது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மனுஷன் கடைசியில் ரயில் நிலையத்துக்குப் போய், வராத ரயிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்து டீ குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கூட்டணியும் புட்டுக்கொண்டது. யார் எந்த நாற்காலி என்ற சண்டையில் ஒருவர் மேசையைக் கவிழ்த்துவிட்டாராம். கட்சி சாராத நிபுணர்களைக் கொண்டு அமைச்சரவை அமையும் என்றது ரேடியோ.

தஹ்சின் ஓடிப்போய் இல்யாஸ் கடையின் பின்கதவைத் தட்டினார். இல்யாஸ் பைஜாமாவோடு வந்து திறந்தார்.

"இன்னிக்கு லீவு சார். மனுஷனை நிம்மதியா தூங்க விடமாட்டீங்களா?"

"கட்சி சாராதவங்களுக்கு மீசை எப்படி இருக்கும், இல்யாஸ்?"

"இருக்காது சார்."

சவரக்கத்தியை எடுத்து இல்யாஸ் மிச்சத்தையும் வழித்தார். துடைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "இதுக்குமேல ஆட்சி மாறுச்சுன்னா மூக்குலதான் கை வைக்கணும்."

வீட்டுக் கதவைத் திறந்த பெஹிஜே வீல் என்று அலறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

"நான்தான் பெஹிஜே!"

"குரல் அவரோடதுதான். முகம் யாரோடது?"

"என்னோடதுதான். திற."

கதவை ஒரு விரற்கடை திறந்து பார்த்தாள். மேலுதடு மட்டும் வெயில் படாத வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தது. முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அப்புறம் நிஜமாகவே அழுதாள்.

"எனக்காகவா இத்தனை கூத்தும்?"

"அடுப்புக்காக" என்றார் தஹ்சின் ரோஷத்தோடு.

அன்றைக்கு அவருக்குத் தட்டு நிறைய சோறும் கூடவே கொஞ்சம் மரியாதையும் கிடைத்தன.

திங்கட்கிழமை விடிந்தது. முகம் கழுவிக்கொண்டிருந்தவரின் காதில் துர்முஷின் ரேடியோ மதில் தாண்டி வந்து விழுந்தது. நிபுணர்களுக்கு ஆதரவு இல்லை. தேசியக் கட்சியே மறுபடி ஆட்சி அமைக்கிறது.

தஹ்சின் அப்படியே தண்ணீர்த்தொட்டி ஓரம் உட்கார்ந்துவிட்டார். ஆரம்பத்தில் இருந்த மீசையோடு பேசாமல் இருந்திருந்தால் இன்று ராஜா மாதிரி ஆபீசுக்குப் போயிருக்கலாம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெஹிஜே அடுப்புக் குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்யாஸ், காப்பாத்து" என்று கடைக்குள் விழுந்தார்.

"சார், முடி வளரணும்னா அல்லாதான் மனசு வைக்கணும். என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

"என் முடி எங்கே?"

இருவரும் குப்பைக்கூடையைக் கவிழ்த்தார்கள். தஹ்சினின் முடியை மட்டும் பிரிக்க முடியவில்லை. இல்யாஸ் கைக்குக் கிடைத்ததை வாரி, நூலில் கோத்து, இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி ஒரு மீசை செய்தார். பக்கத்துச் செருப்புக்கடையில் பசை வாங்கி ஒட்டினார்.

"இந்தக் கறுப்பு யாரோடது?"

"தொழிற்சங்கத் தலைவரோடது."

"இந்த நரை?"

"பாங்கு சொல்றவரு. நுனியில இருக்கிற செம்பட்டை தேசியக் கட்சிச் செயலாளரோடது. அங்காராவுல ஒட்டாத கூட்டணி உங்க உதட்டுல ஒட்டிருக்கு சார். போயிட்டு வாங்க. சிரிக்காதீங்க. தும்மாதீங்க."

பசை காயட்டும் என்று தஹ்சின் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஆபீசுக்குப் போனார். புது மேலாளரின் பெயர் ஃபெரிதூன். கனத்த உடம்பு, இறுக்கமான கோட்டு. தஹ்சின் உள்ளே நுழைந்ததும் முதலில் மேலாளரின் உதட்டைத்தான் பார்த்தார். கனமான தொங்கு மீசை! போன உயிர் திரும்பி வந்தது. மேலாளரும் தஹ்சினின் உதட்டைப் பார்த்துவிட்டு, நிம்மதியாக மூச்சுவிட்ட மாதிரி தெரிந்தது.

"உக்காருங்க, தஹ்சின். கோதுமை எல்லாம் எப்படி?"

"ஈரமில்லாம இருக்கு சார்" என்றார் தஹ்சின், உதடு அசையாமல்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் மேலாளர். அவருக்கும் உதடு அசையவில்லை.

துர்முஷ் ஆவி பறக்க டீ கொண்டுவந்து வைத்தான். இருவரும் கண்ணாடித் தம்ளரைக் கையில் எடுத்து, முகத்துக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"குடிங்க சார், ஆறிடும்" என்றான் துர்முஷ்.

"நீங்க முதல்ல" என்றார் மேலாளர்.

"ஐயோ, நீங்க இருக்கும்போது நானா?"

"பரவாயில்ல, குடிங்க."

"சார் ரெண்டு பேரும் குடிக்கலேன்னா என் டீயில என்னமோ குறைன்னு ஊரே பேசும்" என்று துர்முஷ் மூக்கை உறிஞ்சினான்.

மேலதிகாரி சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் தஹ்சின் ஒரு வாய் உறிஞ்சினார். ஆவி பட்டதும் செருப்புக்கடைப் பசை இளகியது. மீசையின் ஒரு முனை கழன்று ஊசலாடியது. அவர் கையால் பிடிப்பதற்குள் மொத்தமும் நழுவி, பொத்தென்று டீயில் விழுந்து மிதந்தது.

துர்முஷ் தட்டால் வாயை மூடிக்கொண்டான். தஹ்சினுக்குக் கண் இருண்டது. பனிமலை தெரிந்தது. அடுப்பைத் தலையில் வைத்துக்கொண்டு பெஹிஜே புர்ஸா ரயிலில் ஏறுவது தெரிந்தது.

மேலாளர் பேயறைந்த மாதிரி தஹ்சினின் வெறும் உதட்டைப் பார்த்தார். தம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பினார். சர்ரென்று ஒரு சத்தம், கூடவே "ஆ!" என்று ஒரு முனகல். எதையோ கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு திரும்பினார்.

அவருக்கும் மீசை இல்லை. மேலுதட்டில் வெள்ளைப் பட்டை மட்டும் இருந்தது.

"இப்ப சரிதானே?" என்று ரகசியமாகக் கேட்டார்.

தஹ்சினுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மேலதிகாரி கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்பது தெரியும்.

"ரொம்ப சரி சார்."

"உங்க மாற்றலைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்கன்னா நம்பாதீங்க. நான் இந்த நாற்காலியில இருக்கிறவரைக்கும் நீங்க இந்த ஊர்தான். வீட்ல சொல்லிடுங்க. என்னைப் பத்தியும் யார்கிட்டயாவது பேசினா, நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

அதோடு விடாமல், தானே எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார்.

தஹ்சின் முதலில் வீட்டுக்குத்தான் ஓடினார். பெஹிஜே செய்தியைக் கேட்டதும் அடுப்பைக் கட்டிக்கொள்ளப் போய், சுடும் என்று நினைவு வந்து, அவரைக் கட்டிக்கொண்டாள். பசை உதட்டில் எரிச்சல் தாங்கவில்லை என்று அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. மறுபடி இல்யாஸ் கடை நாற்காலியில் போய்ச் சாய்ந்தார்.

இல்யாஸ் பஞ்சில் எண்ணெய் தொட்டு உதட்டைத் துடைத்தார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது இல்யாஸ். ஆனா வெள்ளிக்கிழமைலேர்ந்து மண்டையை உடைச்சிக்கிறேன், இந்தப் புது மேனேஜர் எந்தக் கட்சின்னுதான் கடைசிவரைக்கும் பிடிபடல."

"அவருக்கு மட்டும் பிடிபட்டுச்சாக்கும்! வெள்ளிக்கிழமையே சத்தமில்லாம வந்து எதிர் ஓட்டல்ல ரூம் போட்டுட்டாரு சார். ஒவ்வொரு தடவையும் நீங்க கடையை விட்டு இறங்கினதும் ஓடிவந்து இதே நாற்காலியில உக்காந்து, 'இப்ப போறாரே தஹ்சின், அவருக்குப் பண்ணின மாதிரியே எனக்கும் பண்ணு, அந்த ஆளுக்கு முன்கூட்டியே சேதி சொல்ல அங்காராவுல பெரிய இடத்துல யாரோ இருக்காங்க'ன்னாரு."