மீசைக்குள் நடந்த தாலிகட்டு

பிழை விடுகிறவனால் உலகத்துக்குப் பெரிய ஆபத்தில்லை. விட்ட பிழையைத் திருத்தியே தீருவேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவனிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். இருபத்து நாலு வயதில், ஒரே கிழமையின் ஏழு நாளுக்குள், நான் இந்த இரண்டு பேராகவும் இருந்தேன்.

யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்திருந்தேன். அங்கே என்னைத் தவிர எல்லாரும் விசாவுக்குக் காத்திருந்தவர்கள். என்னிடம் ஒரு பழைய கமராவும் ஒரு பிளாஷும் இருந்தன. (தலைக்கனம் தனி. அதைப் பெட்டியில் வைக்க இடம் போதாது.)

அந்தச் சனிக்கிழமை லொட்ஜில் தங்கியிருந்த முப்பது பேருக்கும் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்தேன். பின்னால் வெள்ளைப் படுக்கை விரிப்பு, முன்னால் ஒரு கதிரை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கறுப்புக் கோட். அவர்களில் செல்லத்துரையர் முக்கியமானவர். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அவர் வாசலுக்கு வரும்போது முதலில் மீசை வரும், கொஞ்சம் பிந்தி அவர் வருவார்.

படம் எடுத்து முடிந்த பிலிம் ரோலைச் சுற்றும்போது அதன் நுனி முழுக்க உள்ளே போய்விட வேண்டும். முடிந்த ரோல் என்பதற்கு அதுதான் அடையாளம். நானோ, படம் கழுவுகிறவருக்குச் சுகமாக இருக்கட்டும் என்று பெருந்தன்மையோடு நுனியை வெளியே விட்டு வைப்பேன். அப்படி விட்டால் முடிந்த ரோலுக்கும் புது ரோலுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. இது எனக்குத் தெரியாமலில்லை. எனக்கு ரோல் மாறிப்போகாது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளவத்தை மண்டபம் ஒன்றில் வதனி என்றொரு பிள்ளையின் கல்யாணம்; படம் எடுக்க என்னைப் பிடித்திருந்தார்கள். மாப்பிள்ளை சிறீகாந்தன் கனடாவிலிருந்து இரண்டு கிழமை லீவில் வந்தவர். மூன்று ரோல் எடுத்தேன். புதன்கிழமை படம் கழுவும் லாபில் படங்களை வாங்கி அங்கேயே நின்று பார்த்தேன். குரூப் படங்கள் அருமை. சாப்பாட்டுப் படங்கள் அதைவிட அருமை. மூன்றாவது உறையைத் திறந்தபோதுதான் தெரிந்தது: சனிக்கிழமை முடிந்த ரோலையே புது ரோல் என்று திரும்பப் போட்டு, லொட்ஜ்காரர் மேலேயே கல்யாணத்தையும் எடுத்திருக்கிறேன்.

ஒவ்வொரு படத்திலும் ஒரு லொட்ஜ்காரர் என்னை முறைத்துக்கொண்டிருந்தார். வெள்ளை விரிப்பு இருந்த இடமெல்லாம் வெளிறிப் போய், கறுப்பாக இருந்த இடங்களில் மட்டும் கல்யாணம் தெரிந்தது. ஒருவரின் தலைமயிருக்குள் ஓமம் எரிந்தது. பொதுக் கோட்டுக்குள் வதனியின் அப்பாவும் அம்மாவும் கன்னிகாதானம் செய்துகொண்டிருந்தார்கள். தாலிகட்டு? அது செல்லத்துரையரின் மீசைக்குள் நடந்தது. மாப்பிள்ளையின் இரண்டு கையும், தாலிக்கொடியும், வதனியின் குனிந்த தலையும் அந்த மீசைக்குள் அச்சொட்டாகத் தெரிந்தன. அவ்வளவு பெரிய மீசை.

வதனி வீட்டில் படங்களைக் கொடுத்துவிட்டு, வெளிக்கதவுக்குக் கிட்டவாக நின்றேன்.

"தம்பி, ஆர் இந்த மனுசன்?" என்றார் வதனியின் அப்பா.

"ஸ்டேஷன் மாஸ்டர், ஐயா."

"அவர் ஏன் என்ர மகளின்ர கல்யாணத்தில நிக்கிறார்?"

"அவர் நிக்கேல்ல ஐயா. கல்யாணம்தான் அவருக்குள்ள நிக்குது."

சிறீகாந்தன் தலையில் கை வைத்தார். அவருக்கு வெள்ளிக்கிழமை விமானம். வதனியின் விசாவுக்கு எம்பசி முதலில் கேட்பதே தாலிகட்டுப் படத்தைத்தான். வதனி அழவில்லை. அழுதிருந்தால் நான் ஓடித் தப்பியிருப்பேன். "அண்ணா, படம் இல்லையெண்டு விசா தராட்டி, நான் இவரை இனி எப்ப பாக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

"நாளைக்கு இன்னொருக்காச் செய்வம்," என்றேன். சொன்னது என் வாய்தான் என்று எனக்கே நம்ப முடியவில்லை.

விடிந்ததும் கொட்டாஞ்சேனைக்குப் போய், கல்யாணத்தைச் செய்து வைத்த ஐயரைக் கண்டேன். அவர் எழும்பி நின்று மறுத்தார். "கட்டின தாலியத் திரும்பக் கட்டேலாது தம்பி. மந்திரமும் சொல்லமாட்டன்." நான் அவர் வாசற்படியில் உட்கார்ந்து, நகரமாட்டேன் என்றேன். அரை மணித்தியாலம் கழித்து அவரே இறங்கி வந்தார். "சரி, வாயை மட்டும் அசைக்கிறன். படத்தில சத்தம் வராதுதானே."

ஐயரையும், இரவல் வாங்கிய மணவறைத் துண்டுகளையும் ஒரு திரீவீலருக்குள் ஏற்றினேன். வழியில் சோதனைச் சாவடி. "மொகத மே?", இது என்ன என்று ஆமிக்காரர் மணவறைத் தூணைத் தட்டிக் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், கல்யாணம் என்றேன். எப்போது என்றார். போன ஞாயிற்றுக்கிழமை என்றேன். (பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்குப் பார்த்து உண்மை வந்து தொலைத்தது.) முடிந்த கல்யாணத்துக்கு இன்றைக்கு ஏன் தூண் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தூணை ஒவ்வொரு துண்டாகக் கழற்றிப் பார்த்து, எங்களைப் போக விட ஒன்றரை மணித்தியாலம் ஆனது. ஐயர் அந்த நேரம் முழுவதும் வாயை அசைத்துக்கொண்டிருந்தார். அது மந்திரமல்ல, என்னைத்தான் திட்டினார்.

லொட்ஜ் மொட்டை மாடியில் மணவறை எழும்பியது. அடுத்த பிரச்சினை, சனம். கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் திரும்பிவிட்டார்கள். ஆகவே லொட்ஜ்காரர் முப்பது பேரையும் இருத்தினேன். அவர்களுக்கும் பாஸ்போர்ட் படம் திரும்ப எடுக்க வேண்டியிருந்ததால் மறுப்புச் சொல்லாமல் வந்தார்கள். வந்த இடத்தில் பழக்க தோஷம், முப்பது பேரும் நிமிர்ந்து, சிரிக்காமல், இரண்டு காதும் தெரியும்படி இருந்தார்கள்.

"சிரியுங்கோவன்! கல்யாண வீடு!" என்று கத்தினேன்.

"சிரிச்சா ரிஜெக்ட் பண்ணுவாங்கள் தம்பி," என்றார் செல்லத்துரையர்.

வதனிக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவிய ஒன்றுவிட்ட தமையனும் ஊருக்குப் போய்விட்டார். லொட்ஜ்காரர் ஒருவரும் இன்னொருவர் காலைக் கழுவ ஒப்பவில்லை. நானே தோழனானேன். கமராவைத் தானாக எடுக்க வைத்தால் எனக்குப் பத்து விநாடி. ஓடி வந்து, செம்பைத் தூக்கி, காலைக் கழுவ வேண்டும். முதல் முறை கால் தடக்கி, செம்புத் தண்ணீர் முழுவதும் மாப்பிள்ளையின் மடியில் போனது. இரண்டாம் முறை ஐயரின் மடியில். ஐந்தாம் முறை சரிவந்தது. ஆனால் கமரா வேலை செய்கிறதோ என்ற பயத்தில், மாப்பிள்ளையின் காலைப் பாராமல் கமராவையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எல்லாப் படத்திலும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் படங்கள் கைக்கு வந்தன. பின்னேரம் சிறீகாந்தன் பறந்தார். சாதித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஏழு மாதம் கழித்து வதனியை எம்பசி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அன்று பின்னேரம் அவள் லொட்ஜுக்கு வந்து, நடந்ததைச் சொன்னாள். குரூப் படத்தில் இருப்பவர்களில் பெற்றோரைத் தவிர ஒருவர்கூட ஏன் தாலிகட்டுப் படத்தில் இல்லை என்று அதிகாரி கேட்டாராம். தாலிகட்டுப் படத்தில் இருக்கும் இந்த முப்பது பேரில் சொந்தக்காரர் யார் என்றாராம். ஒருவருமில்லை என்றாளாம். காலைக் கழுவிக்கொண்டு கமராவைப் பார்க்கும் இந்த ஆள்?

"படம் எடுத்தவர் எண்டு சொன்னன் அண்ணா."

ஒரு குடும்பத்தை என் கையாலேயே முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். "பிறகு?"

"அவர் பைலை மூடப் போனார். நான் கைப்பையைத் திறந்து மீசைப் படத்தைக் குடுத்தன்."

"அதை ஏன் பிள்ளை கொண்டு திரிஞ்சனி?"

"அதுதானே உண்மையா அவர் எனக்குத் தாலி கட்டின நேரம். மற்றதெல்லாம் நடிப்புத்தானே."

வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் மனிதன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை. நான் மூக்கைச் சிந்தினேன்.

அதிகாரி அந்தப் படத்தைக் கிட்டவும் தூரவும் பிடித்துப் பார்த்தாராம். மீசைக்குள் விரலை வைத்து, இது நீயா என்றாராம். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாராம். கள்ளக் கல்யாணம் செய்கிறவர்கள் நல்ல படமாக எடுப்பார்கள், இப்படி ஒன்றை வேண்டுமென்று எவராலும் எடுக்க முடியாது என்று சொல்லி, விசாவைக் கொடுத்துவிட்டாராம்.

நான் உயிரைக் கொடுத்து எடுத்த மொட்டை மாடிப் படங்கள் இன்றைக்கு அவர்கள் வீட்டு அலுமாரியில் எங்கேயோ கிடக்கின்றன. ரொறன்ரோவில் அவர்கள் வீட்டு ஹோலில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது செல்லத்துரையரைத்தான். வருகிறவர்கள் தாத்தாவா என்று கேட்பார்களாம். இல்லை, எங்கள் கல்யாண மண்டபம் என்பாராம் சிறீகாந்தன்.

போன மாதம் அவர்களுடைய மகள் தொலைபேசி எடுத்தாள். அவளுக்குக் கல்யாணம் சரிவந்திருக்கிறதாம்.

"மாமா, எங்கட கல்யாணத்துக்கும் நீங்கள்தான் படம் எடுக்க வேணும். ஆனா இவருக்கு மீசை இல்லை. பரவாயில்லையா?"

"வளர்க்கச் சொல்லு பிள்ளை," என்றேன்.