தொட்டி கழுவக் கூலி

இனி எவனிடமும் போய்க் கெஞ்சுவதில்லை என்று கேப்டன் முடிவெடுத்தார். அவர் கேப்டனானது வீட்டுக் கம்ப்யூட்டரில்தான். வெளியே மரச்சாமான் கடையில் கணக்கெழுதுகிறவர். நிஜ விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

இணையத்தில் ஒரு விமான விளையாட்டு. ஊருக்கு ஊர் சரக்கு காத்துக் கிடக்கும். ஏற்றிக்கொண்டு போய் இறக்கினால் கூலி. அவருடைய விளையாட்டுக் குழுவில் அந்தக் கூலியை நிர்ணயிக்கும் பதவியை, வேறு யாரும் சீந்தாததால், இவர் தலையில் கட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து மனிதர் நடையே மாறிப்போனது.

"யாரும் தொடாத வேலைக்குக் கூலி தானா ஏறிக்கிட்டே போகும். புது விதி போட்டிருக்கேன்," என்று மனைவியிடம் அளந்தார். "கொட்டுற மழையில, மண் ரன்வேயில கோழித்தீவனம் இறக்க எவன் போவான்? இனிமே போவான் பாரு."

"எப்ப போவான்?"

"கூலி போதும்னு அவனுக்குத் தோணுறப்ப."

"தோணலைன்னா?"

"இன்னும் ஏறும்."

"நல்லாத்தான் இருக்கு. நம்ம மாடித் தொட்டிக்கும் அப்படியே வெச்சுக்கலாங்க."

அந்தத் தொட்டியைக் கழுவச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. குழாயைத் திறந்தால் டீ நிறத்தில் தண்ணீர் வந்தது.

"கழுவிட்டா ஒரு ஞாயித்துக்கிழமை பூரா அந்தக் கம்ப்யூட்டர் ரூம் உங்களுக்கு. கதவைச் சாத்திக்கலாம். நான் கூப்பிட மாட்டேன். சாப்பாடு மேஜைக்கே வந்துடும்," என்றாள்.

கடல் தாண்டும் பயணத்துக்கு ஒரு முழு நாள் வேண்டும். இதுவரை ஒரு தடவைகூட அவர் அக்கரை சேர்ந்ததில்லை. பாதிக் கடலில் பல்பு மாற்றக் கூப்பிடுவாள். திரும்பி வந்து பார்த்தால் விமானம் தண்ணீருக்குள் இருக்கும். கூட்டாளிகள் அவரை மீன்காரர் என்று கேலி பேசினார்கள். அந்த அவமானம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

ஆனாலும் விதி போட்டவரே அவசரப்படலாமா? தொட்டிப் பக்கமே போகாமல் இருந்தார். கூலி இரண்டு ஞாயிறானது. ஒரு மாத ஞாயிறானது. பிறகு வருஷம் முழுக்க எல்லா ஞாயிறும் என்றாள். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அந்த ரூமுக்கு ஏ.சி.யே வந்துவிடும் என்று கேப்டன் கணக்குப் போட்டார்.

விளையாட்டிலும் அத்தனை பேரும் அதே கணக்கைத்தான் போட்டார்கள். ஒரு விமானமும் கிளம்பவில்லை.

"எல்லாப் பயலும் கூலி ஏறட்டும்னு உக்காந்து வேடிக்கை பாக்குறான்," என்று அலுத்துக்கொண்டார்.

"அப்ப என்ன பண்ணப்போறீங்க?"

"பண்ணியாச்சு. வேலையை வெளியாளுங்களுக்கும் திறந்து விட்டுட்டேன். முதல்ல எடுக்குறவனுக்குக் கூலி. அப்புறம் வந்து அழுதா நான் பொறுப்பில்ல."

"ஏறின கூலி அப்படியேவா?"

"பின்னே? வாக்கு மாறினா நாளைக்கு எவன் மதிப்பான்?"

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். தன் பேச்சை அவள் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில் கேப்டனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

சனிக்கிழமை கடையிலிருந்து வந்து கை கழுவினார். தண்ணீர் கண்ணாடியாக விழுந்தது. திடுக்கிட்டுத் திரும்பினால், மாடிப்படியில் எதிர்வீட்டுப் பல் டாக்டர் முழங்கை வரை சேறோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். அவருக்கும் இதே விளையாட்டுப் பைத்தியம். ஆனால் வீட்டில் இருப்பது ஒரு ஓட்டை லேப்டாப். அதையும் பிள்ளைகள் விடுவதில்லை. கேப்டனின் ஸ்டியரிங்கையும் பெடலையும் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார்.

"ஒரு சொத்தைகூட விடலை கேப்டன், சுத்தமா எடுத்துட்டேன்," என்றார் டாக்டர்.

"உங்களுக்கு எதுக்கு டாக்டர் இந்த வேலை?"

"தங்கச்சி கூலி சொன்னாங்க. வேண்டாம்னு சொல்ல மனசு வரலை."

கேப்டன் மனைவியைப் பார்த்தார். "எல்லா ஞாயிறுமா?"

"ஏறினது ஏறினதுதாங்க. டாக்டர் அண்ணா வந்து கேட்டார், குடுத்துட்டேன். நீங்களும் எடுக்கற மாதிரி தெரியலை."

மறுநாள் காலையிலேயே ரூம் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே விமானம் உறுமியது. கேப்டன் ஹாலில் உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டினார். ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. மதியம் மனைவி தட்டு நிறையச் சாப்பாடு போட்டு எடுத்து வந்தாள். ஏதோ தன் மேலும் அவளுக்குக் கொஞ்சம் இரக்கம் மிச்சமிருக்கிறது என்று அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"அண்ணா பாதிக் கடல்ல இருக்காராம். சத்தம் காட்டாம மேஜையில வெச்சுட்டு வாங்க."