தாங்குமா மேஸ்திரியும் ஆறு கால் பெஞ்சும்

கடலூரில் அந்தக் காலத்தில் கலெக்டருக்கு அடுத்தபடியாக ஜனங்களை எழுந்து நிற்க வைத்த மனிதர் தாங்குமா மேஸ்திரிதான். கலெக்டர் வந்தால் மரியாதைக்காக எழுந்திருப்பார்கள். மேஸ்திரி வந்தால் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் மேல் சந்தேகம் வந்து எழுந்துவிடுவார்கள்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் பங்குச் சாமியாருக்கு மட்டும் தெரியும். முதுநகரில் இரும்புப் பட்டறை. வாசல் கேட், ஜன்னல் கம்பி, கிணற்று மூடி எல்லாம் செய்வார். மற்றவர்கள் பேனா குத்திக்கொள்ளும் சட்டைப் பையில் இவர் மட்டம் பார்க்கும் ஒரு சின்ன ரசமட்டத்தை வைத்திருப்பார். எதைப் பார்த்தாலும் முதலில் ஒரு ஆட்டு ஆட்டுவார். பிறகு அருகில் இருப்பவரைப் பார்த்துக் கவலையோடு கேட்பார்: "தாங்குமா?"

சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் பந்தல்காலை ஆட்டிப் பார்த்துவிட்டு அதே கேள்வியை மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் கேட்டுவிட்டார். சித்தப்பா இன்னொருவரைக் கேட்க, அவர் மூன்றாமவரைக் கேட்க, கால் மணி நேரத்தில் பந்தலுக்குள் மணமக்களும் ஐயரும் மட்டும் மிஞ்சினார்கள். பந்தி வீதியில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மேஸ்திரி மாதா கோயிலுக்குத் தவறாமல் போவார். ஆனால் பாட்டுக்காரர்கள் நிற்கும் மாடிக்குக் கீழே நிற்க மாட்டார். வாசற்படியில் நின்று பூசை காண்பார். சாமியார் கடவுள்மேல் நம்பிக்கை வை என்றாராம். "கடவுள்மேல இருக்குது சாமி. அந்த உத்தரத்துமேலதான் இல்ல" என்றாராம் இவர்.

பட்டறையில் இவருக்கு ஏதாவது விபத்து நேர்ந்திருக்கும், அதனால்தான் இப்படி என்று நினைத்து அவர் சம்சாரத்திடம் ஒருமுறை கேட்டேன். "ஒண்ணுமே நடந்ததில்லீங்க. இத்தினி வருஷமா ஒண்ணும் நடக்கலியேன்னுதான் அவுருக்குப் பயம்" என்றார் அந்த அம்மாள்.

இப்பேர்ப்பட்டவரிடம் நான் போய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் ஒரு கார். என் மாமனார் சிதம்பரத்தில் டாக்டர். தான் ஓட்டித் தேய்த்த பழைய காரை மாப்பிள்ளைக்கு என்று அனுப்பி வைத்தார். அது கடலூர்த் திருப்பாப்புலியூரில் எங்கள் வீட்டு ஷெட் வரை வந்தது. வந்து சேர்ந்ததோடு தன் கடமை முடிந்தது என்று நின்றுவிட்டது.

அப்போது என் மனைவி சரோஜாவுக்கு ஆறாம் மாதம். பிரசவத்துக்குச் சிதம்பரம் போகவேண்டும். பஸ் குலுக்கல் ஆகாது, காரிலேயே மெள்ள அழைத்து வரவும் என்று மாமனார் எழுதியிருந்தார். வாரம் ஒரு கடிதம் வரும். கார் எப்படி இருக்கிறது, சரோஜா எப்படி இருக்கிறாள் என்று அதே வரிசையில் விசாரித்திருப்பார்.

சரோஜாவின் அண்ணன், என் மச்சான், மோட்டார் வேலை தெரிந்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். காலையில் கார் காராக இருந்தது. சாயங்காலம் ஷெட்டுத் தரையெல்லாம் கோணிகளும், கோணிகளின்மேல் இஞ்சினின் உறுப்புகளுமாக இருந்தன. இதையெல்லாம் தரையில் வைத்து வேலை செய்தால் மண் ஏறிவிடும், கெட்டியான இரும்பு பெஞ்சு ஒன்று போடு, சாமானைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் மாட்டவேண்டும், இஞ்சினைத் தூக்கி வைக்கவேண்டும், அதற்கு அப்புறம் சொல்லியனுப்பு என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போய்விட்டான்.

மறுநாள் மேஸ்திரி வந்தார். நான் கேட்டது நாலு கால், மேலே ஒரு தகடு, அவ்வளவுதான். அவர் ஷெட்டுக்குள் நுழைந்ததும் தரையைக் காலால் தட்டி ஓசை கேட்டார். இந்தத் தரை சரியில்லை என்று நாலு இடத்தில் தோண்டி ஜல்லி போட்டார். அதற்கே பத்து நாள். பிறகு ராத்தூக்கம் போய்விட்டது என்று சொல்லி இன்னும் இரண்டு இடத்தில் தோண்டினார். பெஞ்சுக்கு ஆறு கால் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மேல் தகடு முதுநகரில் உடைத்துப் போட்ட ஏதோ ஒரு படகிலிருந்து வந்தது. நாலு பேர் மூச்சுத் திணறத் தூக்கி வந்தார்கள். கால்களெல்லாம் கனத்த ஆங்கிள் இரும்பு. மூலைக்கு மூலை குறுக்கே ஒரு ஆங்கிள், அந்தக் குறுக்கு வளையாமல் இருக்க இன்னொரு குறுக்கு. வெல்டிங் வைத்த இடத்திலெல்லாம் மறுபடி துளை போட்டு போல்ட் முடுக்கினார். வெல்டிங் போதாதா என்று கேட்டேன்.

"வெல்டிங்குக்கு உள்ள என்னா இருக்குதுன்னு யாருக்கு சார் தெரியும்? போல்ட்டுன்னா அதும் மூஞ்சி தெரியுது."

பெஞ்சு முக்கால்வாசி முடிந்தபோது ஒரு விஷயம் புலப்பட்டது. இனிமேல் கார் ஷெட்டுக்குள் முழுசாக நுழையாது. பின்பாதி வெளியே நிற்கவேண்டியதுதான். நான் தலையில் கை வைத்தபோது, கார் மழையில் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம், பெஞ்சு விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் மேஸ்திரி.

இதற்குள் சரோஜாவுக்கு எட்டாம் மாதம் பிறந்துவிட்டது. மாமனாரின் கடிதங்கள் வாரத்துக்கு இரண்டாயின. மேஸ்திரியின் வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆபீசில் ஃபைலை வைப்பதற்கு முன்னால் மேஜையை ஆட்டிப் பார்த்தேன். ஹெட்கிளார்க் என்னவென்று கேட்க, தாங்குமா என்று பார்க்கிறேன் சார் என்று உளறினேன். அவர் தன் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். வீட்டில் கட்டிலின் அடியில் படுத்துக் கால்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது சரோஜா பார்த்துவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாட்டில் ரசம் மட்டும்தான்.

ஒருவழியாகப் பெஞ்சுக்குப் பச்சை வர்ணம் அடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சானும் வந்தான். ஆனால் சோதனை முடியாமல் இஞ்சினைத் தூக்கக்கூடாது என்றார் மேஸ்திரி. எங்கள் இருவரையும் பெஞ்சின்மேல் ஏறச் சொன்னார். பிறகு தெருவுக்குப் போய்ச் சோடாக்கடைக்காரரை அழைத்து வந்தார். வழியில் போன இரண்டு பேரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். கடைசியாக மீன் விற்க வந்த அம்மாளையும் கூடையோடு ஏற்றிவிட்டார். ஆறு பேரும் ஷெட்டுக் கூரை தலையில் இடிக்கக் குனிந்து நின்றோம். மேஸ்திரி தரையில் கன்னத்தைப் பதித்துப் படுத்து, கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏறச் சொன்ன, ஏறிட்டோம். எறங்கறது எப்பன்னு சொல்லுய்யா, மீனு நாறிப்போவுது" என்றாள் அந்த அம்மாள்.

பெஞ்சு ஒரு நூல்கூட அசையவில்லை. நான் கீழே இறங்கி, இப்போதாவது தாங்கும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் மேஸ்திரி என்று கெஞ்சினேன். அவர் மறுபடி ஒரு காலை ஆட்டிப் பார்த்தார்.

"இன்னிக்குத் தாங்குது சார்."

நாங்கள் இஞ்சினைத் தூக்கி வைத்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு ஜெபம் சொன்னார்.

அன்று முதல் தினமும் மத்தியானம் முதுநகரிலிருந்து சைக்கிளில் வந்து பெஞ்சைப் பார்த்துவிட்டுப் போனார். நான் ஆபீசில் இருப்பேன். மேஸ்திரி வந்தார், எல்லாப் போல்ட்டையும் முடுக்கினார், போனார் என்று சரோஜா சொல்லுவாள். இடையில் மச்சானுக்கு ஜுரம் வந்து ஒரு ஞாயிறு தவறியது. அடுத்த ஞாயிறு இஞ்சின் பூட்டி, அதற்கு அடுத்த வாரம் சிதம்பரம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஒரு புதன்கிழமை. ஐந்தரை மணிக்கு வீடு திரும்பினேன். வாசற்கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. அடுப்பில் வைத்த பால் கரிந்துபோயிருந்தது. ஷெட்டுக்கு ஓடினேன். நடுத்தரையில் மேஸ்திரியின் ஸ்பானர் கிடந்தது. சாமானைத் துடைத்துப் பைக்குள் வைக்காமல் நகராத மனிதர் அவர். ஸ்பானரும் கையுமாகத் தெருவுக்கு வந்தேன்.

சோடாக்கடைக்காரர் ஓடிவந்து, மத்தியானமே வலி கண்டுவிட்டது, எதிர்வீட்டு அம்மாளும் மேஸ்திரியும் ரிக்‌ஷாவில் வைத்து மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள் என்றார். சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. கெடிலம் ஆற்றுப் பாலத்தில் ஒரு மாட்டு வண்டிக்காரன் திட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மேஸ்திரி தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. செருப்பு இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. வாயைத் திறந்தார், அதுவும் முடியவில்லை. நான் பயந்தே போனேன். நல்லவேளையாக எதிர்வீட்டு அம்மாள் உள்ளேயிருந்து வந்து, பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சௌக்கியம் என்றார்.

நடந்ததைச் சரோஜா பிற்பாடு சொன்னாள். வலி வந்து அவள் கூப்பிட்ட குரலுக்கு முதலில் ஓடிவந்தவர் மேஸ்திரிதான். எதிர்வீட்டு அம்மாளை அழைத்ததும், ரிக்‌ஷாவைப் பிடித்ததும் அவரே. ரிக்‌ஷாவை ஒரு ஆட்டுகூட ஆட்டிப் பார்க்கவில்லையாம். இரண்டு பெண்களையும் உட்காரவைத்து, பின்னாலிருந்து சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மஞ்சக்குப்பம் வரை கூடவே ஓடியிருக்கிறார். ஆபீசுக்குச் சொல்லியனுப்பலாமே என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டதற்கு, வேணாம், சார் பயந்துடுவாரு என்றாராம்.

பாலத்தின்மேல் போகும்போது வலி பொறுக்க முடியாமல் சரோஜா அழுதிருக்கிறாள்.

"அண்ணே, எனக்கு ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்டாளாம்.

"ஒண்ணும் ஆவாதும்மா. நான் சொல்றேன்" என்றாராம் மேஸ்திரி.

பதினெட்டு போல்ட் போட்ட பெஞ்சுக்குக் கொடுக்காத வாக்கை அவர் அங்கே கொடுத்திருந்தார்.

மறுநாள் காலையில் பிளாஸ்க்கில் பாலோடு வந்தார். பழைய மேஸ்திரியாக ஆகியிருந்தார். வார்டு வாசலிலேயே நின்று, குழந்தை படுத்திருந்த தொட்டிலின் கொக்கியைக் கவலையோடு பார்த்தார். குழந்தையைத் தூக்குங்கள் என்றேன். வேண்டாம் சார், இரும்பு பிடிக்கிற கை, எனக்கே அதுமேல நம்பிக்கை இல்லை என்று பின்வாங்கினார். நான் கேட்கவில்லை. துணியோடு எடுத்து அவர் கைகளில் வைத்தேன். இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சுவிடாமல், கண் கொட்டாமல் நின்றார்.

சரோஜா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். குழந்தையை அவரிடமே விட்டுவிட்டு நான் காபி வாங்கிவரக் கீழே போனேன். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.