டிரான்ஸ்பர் அண்ணாத்தவின் பாக்கி கோல்

எங்கள் குப்பத்து மணலில் கால் வைத்தவர்களிலேயே அதிக தூரம் பயணப்பட்டு வந்தவரும், வந்த காரியம் முடியாமல் அதிக நாள் மாட்டிக்கொண்டவரும் ஒரே ஆள்தான். அவர் டிரான்ஸ்பர் அண்ணாத்த. இந்த விஷயத்தில் போட்டிக்கு வேறு யாரும் கிடையாது.

ஊர் அயர்லாந்து. ஆறடிக்கு மேல் உயரம். வெயில் பட்டால் வெந்த இறால் நிறம். தொழில், கால்பந்தில் கோல் போடுவது. அவருடைய நிஜப் பெயரை நாங்களும் சொல்லிப் பார்த்தோம். எங்கள் வாயில் அது பாதிதான் நுழைந்தது. நுழைந்த பாதி தன்னுடைய பெயர்தான் என்று அவருக்கே தெரியவில்லை. அதோடு விட்டுவிட்டோம்.

நான் புதுப்பட்டினத்தில் மைக்செட் கடை வைத்திருக்கிறேன். அங்கிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் கடலோரமாக இருக்கிறது எங்கள் குப்பம். காதுகுத்து, அம்மன் திருவிழா, பொங்கல் ஃபுட்பால் போட்டி என்று குப்பத்தில் எது நடந்தாலும் மைக் என்னுடையதுதான். அதனால் எனக்கும் மைக்கு என்றே பெயர்.

அவர் வந்த கதை இது. இந்தியாவில் ஏதோ ஒரு கிளப் அவரை ஒரு சீசனுக்குக் கூட்டி வந்தது. முதல் ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். வியர்ப்பதற்கு முன்பே முழங்கால் பிய்ந்துபோனது. ஆபரேஷன் செய்த டாக்டர், "மணலில் நடங்கள்" என்று சொல்லி அனுப்பினார். இவர் மணலைத் தேடிக்கொண்டு மாமல்லபுரம் வந்து, நடக்க ஆரம்பித்து, நிறுத்தத் தெரியாமல் எங்கள் குப்பம் வரைக்கும் வந்துவிட்டார்.

அன்று காலையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று ஆளாளுக்குப் பிடித்து இழுக்க வேண்டும். அண்ணாத்த கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, கடைசி ஆளுக்குப் பின்னால் நின்று தானும் இழுத்தார். வலை கரையேறியதும், வலைக்குச் சொந்தக்காரரான தேசிங்கு ஒரு பாலிதீன் பையில் நெத்திலியை அள்ளி அவர் கையில் கொடுத்தார். அண்ணாத்த பதறிப்போய், வேண்டாம், கடைசியில்தானே வந்தேன், விளையாட்டுக்குத்தானே பிடித்தேன் என்று கையாலும் காலாலும் விளக்கினார்.

"அட இன்னாபா நீ! கயித்துல கைய வச்சியா இல்லியா?" என்றார் தேசிங்கு. "கைய வச்சா பங்கு. அவ்ளோதான். எட்த்துகினு போ."

நெத்திலிப் பையோடு அவர் நேராகக் கன்னியம்மாவின் நாஸ்தா கடைக்கு வந்தார். கன்னியம்மா அதை வாங்கி வறுத்துக் கொடுத்தார். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். அடுத்த சில வாரங்களில் பெஞ்சின் ஒரு முனை அவருடையது என்று ஆகிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, தமிழையும் அந்தப் பெஞ்சிலேயே கற்றுக்கொண்டார். ஒருமுறை செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறி, "அண்ணாத்த, ஸ்டேஷனு ஒண்ணு குடு. சில்ற கீது" என்றாராம். பேசியது இந்த வெள்ளைக்காரர்தான் என்று தோன்றாமல், கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து வேறு யாரிடமோ கொடுத்துவிட்டார். அவர் எல்லாரையும் அண்ணாத்த என்று கூப்பிட்டதால் நாங்களும் அவரை அப்படியே கூப்பிட்டோம்.

டிரான்ஸ்பர் என்ற பட்டம் அவருடைய வரலாற்றைக் கேட்ட அன்று ஒட்டிக்கொண்டது. ஸ்காட்லாந்தில் ஒரு வருஷம், நார்வேயில் ஒரு வருஷம், மால்டாவில் பாதி, தாய்லாந்தில் மீதி என்று நாடு நாடாக அடுக்கிக்கொண்டே போனார். எங்கேயும் பெட்டியைப் பிரித்து அடுக்கியதே இல்லையாம். காலையில் போன் வரும், சாயங்காலம் வேறு நாட்டில் இருக்க வேண்டும். பெட்டி தொலைந்தாலும் பூட்ஸ் தொலையக்கூடாது என்பதால் பூட்ஸை மட்டும் எப்போதும் கையிலேயே வைத்திருப்பார். கன்னியம்மா கடையில் இட்லி சாப்பிடும்போதுகூட அது மடியில் இருக்கும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு கன்னியம்மா ஒரு முடிவுக்கு வந்தார். "இத்தினி டிரான்ஸ்பர் போட்டுக்கிறானுங்கன்னா, ஒண்ணு இந்தாளு லஞ்சம் வாங்காத ஆபீசரு. இல்லாங்காட்டி மேலதிகாரிய எதுத்துப் பேசிக்கிறான். ரெண்டும் நல்ல கொணந்தான்." அன்று முதல் அவர் இட்லிக்குக் கூடுதல் சட்னி வந்தது.

ஆனால் அண்ணாத்தவுக்கு ஒரு குறை இருந்தது. ஆடிய எல்லா நாட்டிலும் குறைந்தது ஒரு கோலாவது போட்டிருக்கிறார். ஸ்காட்லாந்துக் கோல் முழங்காலில் பட்டுப் போனது. தாய்லாந்தில் கோல் போட்ட நொடியில் கரண்ட் போய்விட்டது, பார்த்த சாட்சி கோல்கீப்பர் மட்டும்தான். இருந்தாலும் கோல் கோல்தானே. இந்தியாவில் மட்டும் சுழியம்.

"இண்டியா ஒண்ணுதான் பாக்கி நைனா," என்றார் என்னிடம். "ரெஃபரி, கோடு, வலை, மூணும் இருக்கணும். ஒரு கோலு. அப்பால வூட்டுக்குப் போய் காலை நீட்டிப் படுத்துப்பேன்."

அந்தப் பொங்கலுக்கே எங்கள் குப்பத்து அணியில் அவரைச் சேர்த்துவிட்டோம். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் மைதானம். முதல் ஆட்டத்திலேயே தூரத்திலிருந்து ஒரு உதை உதைத்தார். பந்து கம்பத்துக்கு உள்ளே போனதை நான் பார்த்தேன், ஊரே பார்த்தது. ஆனால் செங்கல்பட்டிலிருந்து வந்திருந்த ரெஃபரி பார்த்தபோது பந்து வலைக்கு வெளியே உருண்டுகொண்டிருந்தது. ஓரமாகப் போய்விட்டது என்று கைகாட்டிவிட்டார். அண்ணாத்த ஓடிப்போய் வலையைத் தூக்கிப் பார்த்தார். நடுவில் ஒரு கன்றுக்குட்டி நுழைகிற அளவுக்குக் கிழிசல்.

"இன்னா தேசிங்கு இது?"

"நல்ல வலைய கடலுக்கு எட்த்துகினு போய்க்கிறாங்க அண்ணாத்த. மீன் வந்துகினு இருந்துச்சு. பந்துதானே, இது போதும்னு உட்டுட்டேன்."

அண்ணாத்த தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அந்த வருஷம் அவ்வளவுதான். விசா முடிந்து கிளம்பிப் போனவர், அடுத்த மழைக்காலம் ஓய்ந்ததும் பூட்ஸும் கையுமாக வந்து நின்றார்.

அந்த இரண்டாவது வருஷத்தில் அவர் செய்ததை நான் நன்றியோடுதான் சொல்ல வேண்டும். எங்கள் பையன்களுக்கு எங்கே ஓடுவது, எப்போது நிற்பது என்று சொல்லிக் கொடுத்தார். எனக்கும் பாடம் நடந்தது. அதுவரை என்னுடைய வர்ணனை, "பந்து வலதுபுறம் செல்கிறது, இதோ இடதுபுறம் செல்கிறது, மூன்று சக்கர சைக்கிளில் ஐஸ் விற்பவர் மைதானத்தை விட்டு வெளியேறவும்" என்ற ரீதியில் இருக்கும். அவர் ஒருநாள் என் மைக்கைப் பிடுங்கி அணைத்தார்.

"பந்து எங்க கீதுன்னு சொல்லாத நைனா. அது அல்லாருக்கும் தெரியுது. எவன் பயப்படுறான், எவனுக்கு ஆசை வந்துச்சு, அத்த சொல்லு."

இன்றைக்கு நான் இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதி நீங்களும் படிக்கிறீர்கள் என்றால், அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

இதற்கிடையில் குப்பத்தில் ஒரு சதி உருவானது. தலைமை கன்னியம்மா. ஒருநாள் காலையில், கேப்டன் எல்லப்பனையும் மற்ற ஆட்டக்காரர்களையும் கடைக்குள் கூப்பிட்டு வைத்து, கையில் கரண்டியோடு பேசினார்.

"அந்தாளு இன்னா சொல்லிகினு கீறாரு? ஒரு கோலு போட்டா ஊருக்குப் போய்ப் படுத்துப்பேன்னு சொல்லுதா இல்லியா?"

"ஆமா ஆயா."

"அப்பால அதுக்கு எதுக்குடா பந்து குடுக்கறீங்கோ? எவனாச்சும் அந்தாளு பக்கம் பந்த தள்னீங்க, நாளைலேர்ந்து நாஸ்தா கெடயாது. சொல்ட்டேன்."

எல்லப்பன் வீரன்தான். ஆனாலும் இட்லி என்று வந்தால் அவனும் மனிதன்தானே. அந்தப் பொங்கல் போட்டியில் குப்பம் அணி ஆடிய ஆட்டத்தை எந்த நாட்டு நிபுணராலும் விளக்க முடியாது. அண்ணாத்த கோலுக்கு எதிரே தனியாக நின்று கையைத் தூக்கிக் கத்துவார். எங்கள் பையன்கள் அவரைத் தவிர எல்லாருக்கும் பந்தைக் கொடுப்பார்கள். ஒருவன் எதிரணிக்கே கொடுத்தான். எப்படியோ வேறு கால்களில் பட்டு கோல் விழுந்து, இறுதி ஆட்டத்துக்கும் வந்துவிட்டோம்.

இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அண்ணாத்த என் கடைக்கு வந்தார். டீ சொன்னேன். குடிக்காமல் கண்ணாடி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவனும் பந்து குடுக்க மாட்டேன்றான் நைனா. நான் கெயவனா பூட்டேனா? எங்கிட்ட சொல்றதுக்குக் கூச்சப்படுறாங்களா?"

அத்தனை நாட்டிலும் மேனேஜர்கள் இவரிடம் இப்படித்தான் முடித்திருப்பார்கள் போலிருக்கிறது. முதலில் பந்து வராது, பிறகு போன் வரும். இங்கேயும் அதுதான் நடக்கிறது என்று மனிதர் நினைத்துவிட்டார். நான் நேராகக் கன்னியம்மா கடைக்குப் போய் அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

கன்னியம்மா அடுப்பை அணைத்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த எல்லப்பன இட்டுகினு வா," என்றார். எல்லப்பன் வந்ததும் சொன்னார்: "குடுத்துத் தொலைங்கடா. போனா போவட்டும். அந்த மன்சன் அப்டி நெனச்சிகினு போவக் கூடாது."

காணும் பொங்கலன்று இறுதி ஆட்டம். எதிரணி கல்பாக்கம் டவுன்ஷிப் பையன்கள். ஒரே நிற பூட்ஸ், ஐஸ் பெட்டி, காலுக்கு ஸ்ப்ரே என்று பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். எங்களிடம் இருந்தது தேசிங்கு அன்று கடலுக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்த புது வலை. கம்பத்தில் அவரே கட்டினார். "இதுல ஓட்டைன்னு எவனாச்சும் சொல்லட்டும்," என்று சுற்றி வந்து நின்றுகொண்டார்.

கடைசி நிமிஷங்கள் வரை கோல் இல்லை. அப்போது எங்கள் கீப்பர் பந்தைப் பிடித்து உருட்டினான். பேக் ஆடுபவன் அதை ஓரத்துக்குத் தள்ளினான். ஓரத்தில் ஓடியவன் எல்லப்பனுக்குக் கொடுத்தான். எல்லப்பன் ஒரு கணம் நின்றான். நான் மைக்கில், "எல்லப்பனுக்குப் பயம்!" என்றேன். என்ன பயம் என்று மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரைத் தவிர. எல்லப்பன் கண்ணை மூடிக்கொண்டு அண்ணாத்தவின் காலுக்குப் பந்தை வைத்தான்.

அவ்வளவு மென்மையான ஒரு கோலை நான் பார்த்ததே இல்லை. கீப்பரை ஒரு பக்கம் படுக்கவைத்துவிட்டு, மறுபக்கம் தட்டிவிட்டார். பந்து தேசிங்கின் வலையில் விழுந்து அங்கேயே கிடந்தது. ரெஃபரி விசில் ஊதினார்.

குப்பத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. கோப்பை எங்களுக்குத்தான், ஆனாலும் சாவு வீடு மாதிரி நின்றோம். அண்ணாத்த தூக்கிய கைகளோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கன்னியம்மா அழுதுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் தேசிங்கு, வலையில் கிடந்த பந்தை வெறித்துக்கொண்டிருந்தார். வலையையும் அவரையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. மைக்கை எடுத்தேன்.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! இப்போது விழுந்த கோல், கீப்பருக்கு ஒரு பங்கு, பேக்குக்கு ஒரு பங்கு, ஓரத்தில் ஓடியவனுக்கு ஒரு பங்கு, எல்லப்பனுக்கு ஒரு பங்கு, டிரான்ஸ்பர் அண்ணாத்தவுக்கு ஒரு பங்கு என அறிவிக்கப்படுகிறது!"

அண்ணாத்த நொண்டியபடி என் மேசைக்கு ஓடி வந்தார். முகம் வெந்த இறாலையும் தாண்டிவிட்டது.

"இன்னா நைனா சொல்ற? அது என் கோலு!"

நான் பதில் சொல்வதற்குள் தேசிங்கு வந்துவிட்டார். "யாரு சொன்னா? பந்துல அஞ்சு பேரு கால வச்சாங்களா இல்லியா? வச்சா பங்கு. இந்தக் கரைல அதான் கட்டுப்பாடு. உனக்கு ஒரு பங்கு வந்துக்குது. முழு கோலு வோணும்னா மிச்சத்த அடுத்தடுத்த பொங்கலுக்கு வந்து சேத்துக்க."

அண்ணாத்த ரெஃபரியைப் பார்த்தார். ரெஃபரி செங்கல்பட்டுக்காரர், நல்ல மனிதர், வானத்தைப் பார்த்தார். பிறகு அண்ணாத்த எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து, கன்னியம்மாவிடம் நின்றார்.

"அதான் பந்து குடுக்கலியா?" என்றார் மெதுவாக.

கன்னியம்மா மூக்கை உறிஞ்சினார். "பின்ன இன்னாவாம்."

மைதானத்து ஓரத்தில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தவர், பெரிய உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அப்புறம்தான் குப்பம் கை தட்டியது. தட்டிய தட்டில் சவுக்குத் தோப்புக் காக்கையெல்லாம் எழுந்து பறந்தது.

இந்தப் பொங்கலுக்கும் வந்தார். முழங்கால் ஒத்துழைக்காததால் கடைசியில் கொஞ்ச நேரம்தான் இறங்கினார். எல்லப்பன் போட்ட கோலில் தன் கால் பட்டது என்று என் மேசையைத் தட்டித் தகராறு செய்து, ஒரு பங்கு வாங்கிக்கொண்டார். கிளம்புகிற அன்று கடைக்கு வந்து, கையிலிருந்த பூட்ஸை ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்துவிட்டு, "இங்கியே இருக்கட்டும் நைனா, எங்க போவப் போவுது," என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

நான் தினமும் கடை திறந்ததும் அதைத் துடைத்து வைக்கிறேன். வருகிறவர்கள், இவ்வளவு பெரிய பூட்ஸ் யாருடையது, விற்பனைக்கா என்று கேட்கிறார்கள்.

"இல்லீங்க," என்கிறேன். "அண்ணாத்தவோடது. வெளியூரு போய்க்கிறாரு, வந்துடுவாரு."