புளிப்பு மிட்டாய் ஆட்சேபணையை வாபஸ் வாங்குவது குறித்து

மருந்துக் கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் சுழல் நாற்காலியில் வீற்றிருக்கும் மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைவிட்ட மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் சௌக்கியம். அதாவது இரண்டு பேர் தினமும் சௌக்கியம், மூன்றாமவர் ஒருநாள் விட்டு ஒருநாள் சௌக்கியம். தாங்களும் என் மகளும் அவ்வண்ணமே இருப்பதாக நம்புகிறேன். பத்து நாளாகத் தாங்கள் என் போனை எடுக்காததால் நம்புவதைத் தவிர வேறு வசதி இல்லை.

முதல்ல முக்கியமான விஷயத்தச் சொல்லிடறேன், அப்பதான் மிச்சத்த நீங்க பதறாமப் படிப்பீங்க. உங்க கம்பெனி புது மாத்திரைக்கு எதிரா நான் கொடுத்த ஆட்சேபணைய வாபஸ் வாங்கிட்டேன். இது உங்க அத்தை போட்ட உத்தரவு. வாபஸ் காகிதத்துல கையெழுத்து வாங்கிட்டு, என்ன நம்பி தபால் பெட்டி வரைக்கும் அனுப்ப முடியாதுன்னு அவளே கைப்பையில வச்சுகிட்டு காப்புரிமை ஆபீசுக்குப் போயிருக்கா. அவ திரும்பி வர்றதுக்குள்ள மன்னிப்புக் கடிதம் எழுதி முடிச்சிருக்கணுமாம். எழுதறேன். ஆனா மன்னிப்புன்னா நடந்ததச் சொல்லாமக் கேக்க முடியுமா, சொல்லுங்க.

போன மாசம் நீங்களும் என் பொண்ணும் வந்து ஒரு வேளை சாப்பிட்டீங்களே, அன்னைக்கு ஆரம்பிச்சது. என் மச்சான், அதான் உங்க அத்தையோட தம்பி, முன் ரூம்ல தையல் மெஷின் போட்டு உக்காந்திருக்கானே, அவன் அந்தப் பக்கமா மாத்திரை முழுங்கிட்டிருந்தான். அவனுக்கு ரத்தத்துல வெள்ளை அணு தாறுமாறாக் கூடுற வியாதி, உசிரு இருக்கிற வரைக்கும் தினம் ஒரு மாத்திரை, அது உங்க கம்பெனி மட்டும் செய்யற மாத்திரைன்னு உங்களுக்கே தெரியும். ஒரு மாத்திரைக்கு நாலு சட்டை தைக்கணும். கண்ணு நல்லா இருந்து, கரண்ட்டு போகாம, எவனும் அளவு மாறிப்போச்சுன்னு சண்டைக்கு வராம இருந்தா ஒரு நாளைக்கு அவன் மூணு சட்டை தைப்பான். கணக்கு இடிக்குதேன்னு ஒரு நாள் துணி வெட்டற கத்திரியால மாத்திரைய ரெண்டா வெட்டி ரெண்டு நாளைக்கு வச்சுகிட்டான். டாக்டர் அவனப் பிடிபிடின்னு பிடிச்சுட்டார். மேல் பூச்சு உடைஞ்சா மருந்து வயித்துலயே வீணாப்போயிடும், நீ முழுங்கினது சுண்ணாம்புன்னு வச்சுக்கோன்னார். அதுலேர்ந்து முழுசா முழுங்கறான், ஆனா ஒரு நாள் விட்டு ஒரு நாள். முழுங்காத நாள்ல மத்தியானத்துக்கு மேல மெஷின் சத்தம் கேக்காது, ஊசில நூல் கோத்தபடியே உக்காந்திருப்பான். எல்லாம் இந்த வருஷக் கடைசி வரைக்கும்தான், உங்க கம்பெனியோட இருபது வருஷ உரிமை முடிஞ்சதும் நாலஞ்சு கம்பெனி இதையே செய்யும், ஒரு காலர் தைக்கிற கூலிக்கு மாத்திரை கிடைக்கும்னு டாக்டர் சொல்லியிருந்தார். அவனும் காலண்டர்ல தேதியக் கிழிச்சுகிட்டு இருந்தான்.

அப்பத்தான் நீங்க சாப்பிட்ட கையக் கழுவாம உக்காந்து ஒரு நல்ல சேதி சொன்னீங்க. உள்ள மருந்து அதேதான், ஆனா இனிமே ஒரு பூச்சுக்கு பதிலா ரெண்டு பூச்சு, நடுவுல லேசுல கரையாத அரக்குத் தடுப்பு, இத உலகத்துலயே யாரும் செஞ்சதில்ல, விண்ணப்பம் நானே எழுதினேன், இன்னும் இருபது வருஷத்துக்கு எங்களத் தவிர யாரும் தொட முடியாதுன்னீங்க. பழைய மாத்திரைய நிறுத்திடுவீங்களாம். வழக்கு வருமேன்னு பயந்து மத்த கம்பெனிக்காரனும் கிட்ட வரமாட்டானாம். மச்சான் தலையக் குனிஞ்சுகிட்டான். அவன் தையல்காரன், சட்டைய மாத்தினா ஆள் மாறமாட்டான்னு அவனுக்குத் தெரியும், ஆனா அக்கா வீட்டு மாப்பிள்ளைகிட்ட எப்படிச் சொல்லுவான். எனக்கோ கையில எடுத்த சாப்பாடு வாய்க்குப் போகல. முப்பத்தஞ்சு வருஷம் மிட்டாய்க் கம்பெனியில பூச்சு போடற சுத்துற சட்டிக்கு முன்னாடி நின்னவன்கிட்ட வந்து அரக்குப் பூச்சு புதுசுங்கறீங்க. உள்ள புளிப்பு உருண்டை, அதுக்கு மேல ஒரு பாகு, புளிப்பு கசிஞ்சு மேல வராம இருக்க நடுவுல அரக்கு, அதுக்கு மேல இனிப்புப் பாகு. வாயில போட்டா முதல்ல இனிக்கும், பிள்ளைங்க ஏமாந்து சிரிக்கும்போது புளிக்கும். நாங்க லட்சக்கணக்குல சுத்தியிருக்கோம். நான் ஒண்ணும் தெரியாதவன் மாதிரி காத்து எவ்வளவு சூடா இருக்கணும் மாப்பிள்ளைன்னு கேட்டேன், அரக்க எதுல கரைப்பீங்கன்னு கேட்டேன். நீங்களும் சளைக்காமச் சொன்னீங்க. நல்ல மனுஷன் நீங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

மறுநாளே காப்புரிமை ஆபீசுக்குப் போனேன். விண்ணப்பம் பாஸாகறதுக்கு முன்னாடி யாரு வேணும்னாலும் ஆட்சேபிக்கலாமாம், படிச்சவனா இருக்கணும்னு இல்லையாம். எழுதிக் கொடுத்தேன். சாட்சிப் பொருள் வேணும், மூணு பிரதின்னு கவுண்டர்ல சொன்னாங்க. மிட்டாய்க் கம்பெனிய மூடி எட்டு வருஷமாச்சு, சட்டிய எவனோ பழைய இரும்புக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான். அதனால வீட்டுலயே செஞ்சோம். பித்தளைப் பானையச் சாய்ச்சுக் கட்டி, மச்சானோட தையல் மெஷின் பெல்ட்ட அதுல மாட்டி, அவன் மிதிக்க மிதிக்க நான் பாகு ஊத்தினேன். சூடான காத்துக்கு என் பொண்ணு விட்டுட்டுப் போன தலை காயவைக்கிற மெஷினு. முதல் நாள் பானை கழண்டு, தைச்சு மாட்டியிருந்த ஏழு பள்ளிக்கூடச் சட்டை மேலயும் பாகு அடிச்சுது. ரெண்டாவது நாள் எறும்பு வந்து மெஷின் பெட்டிக்குள்ள குடித்தனம் வச்சுது, அத விரட்டவே மூணாவது நாளும் போச்சு. நாலாவது நாள் மச்சான் மாத்திரை போடாத நாளு, கால் ஓடல, உருண்டை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கொழுக்கட்டை ஆயிடுச்சு. அவன் முகத்தப் பாத்துட்டு நானே மிதிச்சேன், அவன் பாகு ஊத்தினான். அதுதான் சரியா வந்துச்சு. உங்க அத்தை அடுப்படி வாசல்ல நின்னு பாத்தா. ரெண்டு கிழட்டுப் பைத்தியம்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டா.

மூணு பிரதின்னா மூணு டப்பான்னு எடுத்துகிட்டு போனேன். கவுண்டர்ல வச்சுட்டு கையெழுத்துப் போடப் பேனா தேடறதுக்குள்ள ரெண்டு டப்பா காலி. பேரனா பேத்தியா பெரியவரேன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு பதில் நீங்கதான் சொல்லணும் மாப்பிள்ளை, நான் என்னத்தச் சொல்ல. அது மிட்டாய் இல்ல, சாட்சின்னேன். பாதிப் பேர் மென்னுகிட்டே மன்னிப்புக் கேட்டாங்க. உள்ள இருந்த அதிகாரி மட்டும் ஒண்ண வாயில அடக்கிகிட்டு என் நாலு பக்கத்தையும் நிதானமாப் படிச்சார். மூணாம் பக்கம் முடியறப்ப முகத்தச் சுளிச்சார். பெரியவரே இப்பத்தான் புளிக்குதுன்னு சொல்லிட்டு, கடிகாரத்தப் பாத்து பைல்ல ஆறு நிமிஷம்னு எழுதிகிட்டார். விசாரணைக்கு மூணு வாரம் தள்ளி, இந்த வியாழக்கிழமைன்னு தேதி போட்டு உங்க கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பிட்டார்.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். உங்க மேலதிகாரி மேஜையில என் பேரும் விலாசமும் இருந்திருக்கு, யாருய்யா இந்த மிட்டாய்க்காரன்னு உங்களையே கேட்டிருக்கார். நீங்க மாமனாருன்னு சொல்லிட்டீங்க. மறைச்சிருக்கலாம், மறைக்கல, அத நான் மனசுல வச்சிருக்கேன். வேலைக்கே உலை வச்சுட்டார் அப்பான்னு என் பொண்ணு போன்ல அழுதா. உங்க அத்தை போனை வச்சுட்டு நேரா முன் ரூமுக்குப் போய் தம்பி எதிர்ல உக்காந்துகிட்டா. அவன்தான் மெஷினப் பாத்துகிட்டே பேசினான்.

"மாமா, எனக்காக பொண்ணு வீட்டுல சண்டை வேணாம். நான் பாதி நாள் மனுஷனா இருந்துட்டுப் போறேன். பழகிருச்சு."

அவ எழுந்து அடுப்படிக்குப் போயிட்டா. ராத்திரி சாப்பாடு போடும்போது வாபஸ் எழுதுங்கன்னா, எழுதிட்டேன். ஆகவே மாப்பிள்ளை, உங்க நாற்காலிக்கு என்னால இனி ஒரு ஆட்டமும் இல்ல. வியாழக்கிழமை எதிர்ல யாரும் இருக்கமாட்டாங்க, காலி நாற்காலிகிட்ட வாதாடி ஜெயிச்சுட்டு வாங்க. மாத்திரைக்கு ரெண்டு சட்டை போட்டு உலகத்துல முதல் தையல்காரர்னு பேர் எடுங்க. நான் செஞ்சது தப்பு, பெரிய தப்பு, மிட்டாய் நல்லா வந்ததத் தவிர மத்ததெல்லாம் தப்பு.

தங்களுக்கு நீண்ட ஆயுளும், மேலதிகாரிக்கு நல்ல மறதியும், என் மகளுக்கு நிம்மதியும் உண்டாகட்டும் என்று வாழ்த்தும்,
மாமனார்

பின்குறிப்பு: ஒட்டறதுக்குள்ள உங்க அத்தை வந்துட்டா. நான் எழுதினதுல பொய் ஒண்ணும் இல்ல, என் ஆட்சேபணை வாபஸ் ஆயிடுச்சு, முத்திரை குத்தின ரசீது இருக்கு. ஆனா கைப்பையில ரசீது ரெண்டு இருந்துச்சு. ரெண்டாவது, அதே கவுண்டர்ல அவ பேர்ல கொடுத்த புது ஆட்சேபணை. மிச்சமிருந்த மிட்டாயப் பூரா துடைச்சு எடுத்துகிட்டு போயிருக்கா, எனக்குத் தெரியாது. ஏன்டி இப்படின்னு கேட்டேன். "உங்க பேர்ல இருந்தா மாமனார் விளையாட்டுன்னு சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. நான் அவன் கூடப் பொறந்தவ. இது புதுசுன்னு மாப்பிள்ளை என் முகத்தப் பாத்துச் சொல்லட்டும்"னா. தேதி ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கு. விசாரணை முடிஞ்சதும் நீங்க இங்கயே வந்து சாப்பிட்டுப் போகணுமாம், யாரு ஜெயிச்சாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதானாம். முப்பத்தெட்டு வருஷமா அவகிட்ட வாதாடி ஒரு தடவை கூட ஜெயிக்காதவன் சொல்றேன், கம்பெனிய நல்ல வக்கீலாப் பாக்கச் சொல்லுங்க.